ஜோசுவாவின் நல்ல தமிழ்

என் மகன் ஜோசுவாவுக்குச் சம்பளம் கொடுப்பது ஆட்களை முட்டித் தள்ளுவதற்கு. அமெரிக்காவில் டெட்ராய்ட் என்ற பெரிய நகரத்தில், தொழிலாகவே றக்பி விளையாடுகிற குழு ஒன்றில் இருக்கிறான். குழுவின் பெயர் ஹெரன்ஸ். ஹெரன் என்றால் கொக்காம். ஒவ்வொருத்தனும் கோயில் கதவு அகலத்துக்கு நெஞ்சை வைத்துக்கொண்டு நிற்கிறான், பெயர் கொக்கு. இந்தப் பெயரை வைத்தவரைக் கண்டால் கேட்பதற்கு என்னிடம் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

அவன் நிற்கிற இடம் முன்வரிசை. இரண்டு பக்கத்தாரும் குனிந்து, தலைக்குத் தலை பூட்டிக்கொண்டு தள்ளுவார்கள். அதில் முதலில் நசிகிறவன் என்னுடைய பிள்ளை. இத்தாலியர்கள் அந்த இடத்துக்காரனைத் தூண் என்று சொல்லுகிறார்கள். பெற்ற பிள்ளையை ஊரார் தூண் என்றால் பெருமைதான். ஆனால் தூணை யாரும் ஓடிவந்து இடித்துப் பார்ப்பதில்லை.

அவன் இங்கே இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோவில் பிறந்தவன். அல்பெர்கேரியா என்ற பகுதியில், சந்தைச் சத்தம் கட்டிலுக்கு மேலே கேட்கிற வீட்டில் வளர்ந்தான். நாலு வயது வரைக்கும் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. பிறகு பள்ளிக்கூடம் போனான், இத்தாலியன் வந்தது, தமிழ் வெளிக்கிட்டுப் போனது. கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பும், ஊருக்கு வெளியே புல்லில்லாத மைதானத்தில் றக்பிப் பயிற்சியும் சனிக்கிழமை ஒரே நேரத்தில் நடந்தன. எது வென்றது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு நான் தமிழில் கேட்பேன், அவன் இத்தாலியனில் பதில் சொல்லுவான். அதுவும் மீன்காரர்களின் இத்தாலியன்.

என் கணவர் யாக்கோபுவுக்கு அது தீராத மனக்குறை. எங்கள் ஊர் மன்னாரில் இருந்து யாராவது போன் எடுத்தால், பிள்ளையிடம் கொடுக்கப் பயந்து ‘அவன் வேலைக்குப் போட்டான்’ என்று சொல்லிவிடுவார். பிள்ளை பக்கத்தில் இருந்து பாண் தின்றுகொண்டிருப்பான். அமெரிக்காவுக்குப் போன பிறகும் அப்படித்தான். ‘துத்தோ அப்போஸ்தோ, மா’ என்பான். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அம்மா என்று அர்த்தம். அதோடு போன் வைக்கப்படும்.

ஒரு சனிக்கிழமை அவனுடைய மட்ச் இங்கே பின்னேரம் ஏழு மணிக்கு. மனுசன் வியா மக்வேதா தெருவில் தான் சமைக்கிற கடையில் லீவு கேட்டு வந்து, போனை ரீவியில் பொருத்திவிட்டு, கால் இரண்டையும் கதிரைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். நான் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருக்கவும் முடிவதில்லை. குசினி வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பேன், கண்ணீருக்குக் காரணம் கேட்டால் வெங்காயத்தைக் காட்டலாம்.

இரண்டாம் பாதியில் எதிர்ப்பக்கத்தான் ஒருத்தனின் முழங்கால் ஜோசுவாவின் தலையின் இடது பக்கத்தில் பட்டது. விழுந்தான். எழும்பினான். எழும்பியவன் நேரே போய் மற்றக் குழுவின் வரிசையில் நின்றான். வர்ணனை சொல்லுகிறவர்கள் சிரித்தார்கள். ஒருத்தன் அவனைத் தோளில் பிடித்துத் திருப்பிவிட்டான். பிறகு பரிசோதனைக்கு என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கையில் கத்தியோடு ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவன் திரும்பி ஓடி வந்தான்.

யாக்கோபு கைதட்டினார். “இரும்படி என்ரை பிள்ளை!” என்றார்.

அடுத்த நாள் பூசைக்குப் பிறகு போன் வந்தது.

“அம்மா, கோயிலுக்குப் போட்டு வந்திட்டியளே?”

வேறு யாரோ அவனுடைய போனில் எடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வீடியோ படத்தைப் பார்த்தால் அவன்தான். படுக்கையில் கிடந்தான், அறை இருட்டாக இருந்தது.

“என்னடா மகன், தமிழ் கதைக்கிறாய்?”

“ஏன் கதைக்கக் கூடாதே? எனக்குத் தமிழ்தான் சுகமா வருது.”

மனுசன் கோயிலுக்குப் போட்ட சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். “ஜோசு, அப்பா கதைக்கிறன். எப்பிடியடா இருக்கிறாய்?”

“நல்லா இருக்கிறன் அப்பா. வெளிச்சம்தான் கண்ணுக்கை குத்துது. யன்னலைச் சாத்திப்போட்டுக் கிடக்கிறன்.”

யாக்கோபு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். மனுசனுடைய கண் நிறைந்துவிட்டது. “கேட்டியே, மலர்? கண்ணுக்கை குத்துது எண்டுறான். சாத்திப்போட்டுக் கிடக்கிறன் எண்டுறான். என்ன வடிவான தமிழ்!”

எனக்கும் வடிவாகத்தான் இருந்தது. அந்த வடிவான தமிழ் என்ன சொன்னது என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. “சாப்பிட்டாச்சே?” என்று கேட்டான். மீன் குழம்பு என்றேன். கொஞ்சம் கதைத்துவிட்டு மறுபடியும் “சாப்பிட்டாச்சே அம்மா?” என்றான். மறுபடியும் மீன் குழம்பு என்றேன். மூன்றாம் தரமும் கேட்டான். இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களில் ஒருத்தன் சாப்பிட்டாச்சா என்று மூன்று தரம் கேட்டால் அதை ஒரு வருத்தம், நோய் என்று யார் நினைப்பார்கள்?

மனுசன் அன்று பின்னேரமே சந்தையில் கண்ட ஆட்களை எல்லாம் மறித்து மறித்துச் சொன்னார். “தூரப்போனால்தான் மொழியின்ரை அருமை தெரியும்” என்று ஒரு பிரசங்கமும் வைத்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. நானும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். இப்போது அந்த மெழுகுதிரியை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தேன். லிபெர்த்தா தெருவில், சின்யோரா என்று நான் கூப்பிடுகிற ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பராமரிக்கிறேன். சக்கரக் கதிரையில் இருக்கிறவ, காது மந்தம், வாய் மட்டும் மந்தமில்லை. ஜோசுவா சின்ன வயதில் என்னோடு அந்த வீட்டுக்கு வந்து விளையாடியவன், சின்யோரா ‘ஜொசுவே’ என்று கூப்பிட்டு இனிப்புக் கொடுப்பா. நான் சின்யோராவுக்குக் கோப்பி போட்டுக்கொண்டிருந்தபோது போன் எடுத்தான்.

“அம்மா எங்கை நிக்கிறியள்?”

“சின்யோரா வீட்டிலை.”

“ஓ. அந்த ஐயா எப்பிடி? சுகமா இருக்கிறாரே?”

நான் அடுப்பை நிற்பாட்டினேன். சின்யோராவின் கணவர் செத்து இரண்டு வருடம். ஜோசுவா அப்போது விடுமுறையில் இங்கே நின்றான். பெட்டி தூக்கின ஆறு பேரில் அவனும் ஒருத்தன், அவனுடைய தோளுக்குத்தான் பாரம் முழுக்கப் போனது.

“மகன், ஐயா செத்துப்போனார் எல்லே?”

“ஓம் ஓம், மறந்துபோனன்” என்றான்.

அந்த ஐயா எப்படிச் செத்தார் என்று எனக்குத் தெரியும், நான்தான் பக்கத்தில் இருந்தேன். குளியலறையில் விழுந்து தலையை அடித்தார். எழும்பி, ஒன்றுமில்லை என்று சொல்லிக் கோப்பி குடித்தார். அடுத்த நாட்களில் இத்தாலியனை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளையாகத் தாயோடு கதைத்த சிசிலி மொழியிலேயே கதைக்கத் தொடங்கினார். சின்யோரா கைகொட்டிச் சிரித்தா. அந்தக் கிழமையே ஆள் முடிந்தார். மண்டைக்குள்ளே இரத்தம் கசிந்திருந்ததாம்.

“ஜோசு, என்னோடை இத்தாலியன்லை கதை பாப்பம்” என்றேன். பத்து வருடமாகத் தமிழில் கதையடா என்று மன்றாடின வாயால் அதைக் கேட்டேன்.

அவன் தொடங்கினான். இரண்டு சொல் வந்தது, மூன்றாவது வரவில்லை. தேடினான். நெற்றியைத் தடவினான். “ஏனம்மா கரைச்சல் தாறியள்? தமிழிலையே கதையுங்கோ. இத்தாலியன் மெல்லத்தான் வருது.”

“அங்கை எப்பிடிச் சமாளிக்கிறாய்?”

“இங்கிலீஷ் வருகுது. சிரிச்சுக்கொண்டு யா, குட் எண்டால் காணும்.”

“டொக்டரிட்டைச் சொன்னியே?”

அவனுடைய முகம் மாறியது. “அம்மா, சொல்லிப்போடாதேங்கோ. இந்தச் சனிக்கிழமை மட்சை வைச்சுத்தான் அடுத்த வருசம் என்னை எடுக்கிறதோ விடுறதோ எண்டு பாக்கினம். தலையிடி எண்டு இருந்தால் என்ரை இடத்திலை இன்னொருத்தன் வந்திடுவான். இதை விட்டால் எனக்கு என்ன தெரியும்?”

சனிக்கிழமை அவன் திரும்பவும் குனிந்து அந்தத் தலையைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறான். இன்னொரு முழங்கால் தேவையில்லை, ஒரு முழங்கையே போதும். எனக்கு அதற்கு மேலே ஒன்றும் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து மனுசனிடம் சொன்னேன். மனுசன் நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை என்பதுதான் சரி. “அவன் தமிழ் கதைக்கிறதும் உனக்கு ஒரு வருத்தமே?” என்று சத்தம் போட்டார். பிறகு சத்தம் குறைந்தது. “அங்கை எவ்வளவு டொக்டர்மார், மெசின்கள். அவையளுக்குத் தெரியாததே?” என்றார். பிறகு அதுவும் இல்லை. கட்டிலில் இருந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கண்ணுக்கை குத்துது எண்டவன், என்ன?” என்றார். எனக்கு மனுசனைத் திட்ட வாய் வரவில்லை.

போய்ப் பிடித்து நிறுத்தலாம் என்றால், எங்கள் இரண்டு பேரிடமும் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். அமெரிக்க விசாவுக்கு நேர்முகத்தில் நிற்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மட்ச் அதுவரைக்கும் காத்திருக்காது.

துஷாந்தி என்னோடு கோயிலில் பாடுகிறவள், முந்தி டுபாயில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்தவள், இங்கிலீஷ் கதைப்பாள். அவளைக் கூப்பிட்டேன். குழுவின் நம்பரைத் தேடி எடுத்து அடித்தாள். பதிவு பண்ணி வைத்த ஒரு பொம்பிளைக் குரல் கதைத்தது. துஷாந்தி கேட்டுக் கேட்டுச் சொன்னாள்: “டிக்கெட் வேணுமெண்டால் ஒண்டை அமத்தட்டாம், மலரக்கா. சேட்டு, தொப்பி வேணுமெண்டால் ரெண்டாம். பிறந்தநாள் கொண்டாட மூண்டாம்.” பிள்ளையின் தலையில் ஏதோ பிழை என்று சொல்ல நம்பர் இல்லை. கடைசியில் ஒரு பீப் சத்தத்துக்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் சொல்லி வைத்தாள். யாரும் திருப்பி எடுக்கவில்லை.

புதன்கிழமை ஜோசுவாவே எடுத்தான். “அம்மா, எங்கடை டொக்டர் உங்களோடை கதைக்கவேணுமாம். தலையிலை அடிபட்டால் வீட்டாக்களிட்டையும் கேக்கிறவையாம், ஆள் எப்பவும் போல இருக்கிறானோ எண்டு. நாளைக்குப் பின்னேரம் எடுக்கட்டே? நான்தான் மொழிபெயர்ப்பன்.”

எனக்கு உயிர் வந்தது. மாதா இந்த முறை சரியான நம்பரை அமத்திவிட்டா என்று நினைத்தேன். பின்னேரம் துஷாந்தி வந்து என் பக்கத்தில் இருப்பதாகப் பேச்சு. அப்படியும் ஒரு பாதுகாப்புக்கு எனக்கு ஒரு வசனம் சொல்லித் தா என்று கேட்டேன். அவள் சொல்லித் தந்தாள். ‘டொக்டர், மை சன் ஹெட் நொட் குட்.’ பஸ்ஸில் சொன்னேன், படியில் ஏறும்போது சொன்னேன், சின்யோராவின் கால்நகம் வெட்டும்போதும் சொன்னேன்.

போன் பின்னேரம் வரைக்கும் காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம், நான் சின்யோராவுக்கு சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. துஷாந்தி வேலையில், மனுசன் வேலையில். குழு வேறு ஊருக்கு மட்சுக்கு வெளிக்கிடுகிறதாம், அதனால் நேரத்தை முன்னுக்கு மாற்றிவிட்டார்கள். படத்தில் ஜோசுவா நின்றான், பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு இளம் டொக்டர். நல்ல முகம். கெட்ட முகமாக இருந்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

டொக்டர் ஏதோ கேட்டார். ஜோசுவா என்னிடம் திரும்பினான். “நான் எப்பவும் போல இருக்கிறனோ எண்டு கேக்கிறார், அம்மா.”

“இல்லை எண்டு சொல்லு. ஒரு நாளும் தமிழ் கதைக்காதவன் இப்ப தமிழ்தான் கதைக்கிறான் எண்டு சொல்லு. செத்த ஐயாவைச் சுகம் கேட்டவன் எண்டு சொல்லு. இத்தாலியன் மறந்துபோனான் எண்டு சொல்லு. விளையாட விட வேண்டாம் எண்டு அம்மா கும்பிட்டுக் கேக்கிறா எண்டு சொல்லு, மகன்.”

அவன் கவனமாகக் கேட்டான். பிறகு டொக்டர் பக்கம் திரும்பி நாலைந்து சொல் சொன்னான். நான் சொன்னது அவ்வளவும் அந்த நாலைந்து சொல்லுக்குள் எப்படி அடங்கும்? டொக்டர் தலையாட்டி, என்னைப் பார்த்து “குட், குட்” என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

சூப் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “டொக்டர்! மை சன் ஹெட் நொட் குட்!”

டொக்டரின் சிரிப்பு நின்றது. மூக்குக் கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டு குனிந்து படத்துக்குக் கிட்ட வந்தார். என்னைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். “ஹெட் நொட் குட்” என்று மறுபடியும் சொன்னேன், என்னுடைய தலையில் தட்டிக் காட்டினேன்.

ஜோசுவா சிரித்தான். டொக்டரின் தோளில் கையைப் போட்டு, தானும் தலையில் விரலைச் சுற்றிக் காட்டி, சிரித்துச் சிரித்து ஏதோ விளங்கப்படுத்தினான். டொக்டரும் சிரிக்கத் தொடங்கினார்.

“என்னடா சொன்னனி?”

“நீங்கள் சொன்னது அவருக்குப் பிழையா விளங்கிப்போட்டுது, அம்மா. மண்டை பிழை எண்டால் எங்கடை ஆக்கள் விசருக்கு, பைத்தியத்துக்குச் சொல்லுறது, நான் றக்பி தொடங்கின நாளிலை இருந்து அம்மா எனக்கு அதைத்தான் சொல்லுறவ எண்டன்.”

பொய் இல்லை. பத்து வருடமாக நான் அவனுக்குச் சொன்னது அதுதான். ‘உனக்கென்ன மண்டை பிழையே, ஏனடா இந்த விளையாட்டு’ என்று பந்தைத் தூக்கின நாள் தொடங்கி, அமெரிக்காவுக்கு ஏறும்போது விமான நிலையத்திலும் சொன்னேன். அவன் ஏமாற்றினானா, உண்மையாகவே அப்படித்தான் விளங்கிக்கொண்டானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவனுடைய முகத்தில் களவு இல்லை.

“நோ, நோ” என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. தமிழில் சொன்னால் அவன் வாய்க்குள்ளால்தான் போக வேண்டும். இத்தாலியனில் கத்தினேன், அந்த டொக்டருக்கு அதுவும் விளங்கவில்லை. என் சத்தத்தைக் கேட்டு சின்யோரா கதிரையை உருட்டிக்கொண்டு வந்து படத்துக்குள் எட்டிப் பார்த்து, “ஜொசுவே! பிராவோ! பிராவோ!” என்று கைதட்டினா. டொக்டர் அவவுக்கும் கை காட்டினார். பிறகு என்னைப் பார்த்து அன்பாக ஏதோ சொன்னார்.

“அவரின்ரை அம்மாவும் இப்பிடித்தானாம் பேசுறவ” என்றான் ஜோசுவா. “பயப்பிட வேண்டாமாம். என்னைப் பாத்துக்கொள்ளுவினமாம்.”

டொக்டர் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஜோசுவா படத்தில் தனியாக நின்றான். கொஞ்ச நேரம் அந்தக் கதவுப் பக்கம் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பினான், ஏதோ இப்போதுதான் போனை எடுத்தவன் மாதிரிச் சிரித்தான்.

“அம்மா, எங்கடை டொக்டர் உங்களோடை ஒருக்காக் கதைக்கவேணுமாம். உங்களுக்கு எப்ப வசதி?”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“இப்ப” என்றேன். “இப்பவே, ராசா. ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு வா. என்னட்டை இப்ப கேட்டதை அவரிட்டைக் கேள். கேட்டால் காணும், அவருக்கு விளங்கும். போ மகன், ஓடு!”

வெளியே பஸ்காரன் ஹோர்ண் அடித்தான். யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் பையைத் தோளில் கொளுவினான்.

“ஓம் அம்மா, கேட்டுப்போட்டுச் சொல்லுறன்” என்றான். பிறகு போனை வைத்துவிட்டான்.